எட்டாம் நம்பர் பிளக்

“பழசு எங்கே?”

“என்னா பழசு?”

“ஸ்பார்க் பிளக்தானே கேட்டீங்க... பழச காட்டுங்க. பாத்துட்டுத்தான் புதுசு குடுப்பேன்.”

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவன் அவளை ஒரு முறை பார்த்தான். பிறகு அவள் தோளுக்கு மேலாகக் கடைக்குள் எட்டிப் பார்த்தான். ஆம்பளை யாராவது இருக்கிறார்களா என்று தேடுகிற பார்வை அது.

கோகிலவாணிக்கு அந்தப் பார்வை பழக்கம்தான். கார் சாமான் கடையின் கவுண்டரில் பெண் நின்றால் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் எட்டிப் பார்ப்பார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் தைப்பிங் மெக்கானிக்குகளும் எட்டிப் பார்த்தார்கள். இப்போது பிளக் என்றால் “வாணிய கூப்பிடு” என்கிறார்கள்.

முதல் பார்வையிலேயே காதல் வந்ததாக அவள் எந்தக் காலத்திலும் ஒத்துக்கொண்டதில்லை. வந்தது எரிச்சல்.

“அண்ணன் இல்லையா, தங்கச்சி?”

“சாப்பிடப் போயிருக்காரு. வந்தாலும் பிளக்குக்கு என்னைத்தான் கேப்பாரு. பழசு எங்கே, அண்ணே?”

“அதெல்லாம் எதுக்கு? நாலு பிளக். அதோ அந்த சிவப்புப் பெட்டி... இருக்கறதுலயே வில கூடினது. அத எடுங்க, போதும்.”

“வில கூடினதுன்னு உங்க எஞ்சினுக்குத் தெரியுமா?”

பெல்ட் வாங்க வந்து நின்ற இரண்டு மெக்கானிக்குகள் சிரித்துவிட்டார்கள். அவன் சிரிக்கவில்லை. தாடை மட்டும் கொஞ்சம் இறுகியது. நல்ல தாடைதான் என்று வாணிக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

“சரி, என்னா எஞ்சின்?”

“டர்போ.” இப்போது அவன் தலை நிமிர்ந்தது. “ஆயிரத்து எண்ணூறு சிசி. ஜப்பான்லேர்ந்து வந்த ஆஃப்கட். சின்ன காடில தூக்கி வச்சிருக்கேன்.”

காரைப் பாதியாக வெட்டி, முன்பாதியை மட்டும் கப்பலில் அனுப்புவார்கள். அதுதான் ஆஃப்கட். அந்த எஞ்சினை உள்ளூர்க் காருக்குள், இவர்கள் பேச்சில் காடிக்குள், திணித்து ஓட்டுகிற பையன்கள் பேராக் மாநிலம் முழுக்க இருக்கிறார்கள். பாதிப் பேருக்கு எஞ்சினை வாங்கத் தெரியும், காப்பாற்றத் தெரியாது.

“டர்போ காத்து பூஸ்ட் எவ்ளோ ஏத்தியிருக்கீங்க?”

“ஒண்ணு புள்ளி ரெண்டு பார்.”

“அப்ப கண்டிப்பா பழசு வேணும். போய்க் கழட்டிட்டு வாங்க.”

அவன் போய்விடுவான் என்றுதான் நினைத்தாள். தெருவில் இன்னும் மூன்று கடைகள் இருக்கின்றன. கேட்டதை எடுத்துக் கொடுக்கிற கடைகள். ஆனால் அவன் வாசலில் நின்ற கார் பானெட்டைத் திறந்தான். அதே நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது. தைப்பிங் மழைக்கு முன்னறிவிப்பு எல்லாம் கிடையாது... வானம் ஒரு தரம் இருமும், உடனே கொட்டும். கடை ஆட்கள் தினமும் அது எத்தனை மணிக்கு வரும் என்று தேத்தண்ணி பந்தயம் கட்டுவார்கள். அன்று வாணி கட்டியிருந்தது மூன்றேகால். மணி மூன்று பதினேழு.

எஞ்சினை ஆற விட்டு, முக்கால் மணி நேரம் கழித்து அவன் சொட்டச் சொட்ட வந்து ஒரு துணியைக் கவுண்டரில் விரித்தான். நாலு பிளக். ஒவ்வொன்றிலும் சின்ன ஒட்டுத்தாள். அதில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எந்த சிலிண்டரில் இருந்து வந்தது என எழுதியிருந்தது. மழையில், பானெட்டுக்கு அடியில் குனிந்து நின்று எழுதியிருக்கிறான்.

இதை யாரும் செய்வதில்லை. அவள் அண்ணன்கூடச் செய்வதில்லை.

“ஊருக்குப் புதுசா?” என்றாள். குரல் தானாகவே ஒரு படி இறங்கியிருந்தது.

“பொறந்தது ஈப்போ. கமுண்டிங்ல, கையுறை ஃபேக்டரில வேல. மூணு வருஷம் ஆச்சு.”

“மூணு வருஷமா தைப்பிங்ல குடை இல்லாமயா இருக்கீங்க?”

“குடை இருக்கு. பிளக் நனஞ்சிரக் கூடாதுன்னு அதுக்குப் பிடிச்சேன்.”

வாணி பிளக்குகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பினாள். நாலாவதில் நிறுத்தினாள். “இங்க பாருங்க...”

அவன் குனிந்தான். முன்முடியில் இருந்து ஒரு துளி அவள் மணிக்கட்டில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை. ஏன் துடைக்கவில்லை என்று பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

“இந்தப் பீங்கான் பாத்தீங்களா, வெள்ள வெளேர்னு இருக்கு. அதுல குட்டி குட்டியா வெள்ளிப் புள்ளி. தெரியுதா? அலுமினியம். உங்க பிஸ்டன்தான் கொஞ்சம் கொஞ்சமா வந்து இங்க ஒட்டிக்கிட்டிருக்கு.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். அதுவரை இருந்த வீம்பு அந்தக் கண்களில் இல்லை. பெரிய கண்கள்... மழையில் சிவந்து, பயந்து போயிருந்தன.

“மூணு வருஷ ஓவர்டைம் அந்த எஞ்சின்,” என்றான் மெதுவாக. “போயிடுமா?”

“போகாது. நான் பாத்துக்கறேன்.”

சொன்ன பிறகுதான் திடுக்கிட்டாள். எந்தக் கஸ்டமரிடமும் அவள் இப்படிச் சொன்னதில்லை.

“இப்ப இருக்கறது ஆறாம் நம்பர். சாதா எஞ்சினுக்கு அது போதும். பூஸ்ட் ஏத்தினா உள்ள சூடு கூடும். அந்தச் சூட்ட சீக்கிரம் இழுத்து வெளிய தள்ற பிளக் வேணும். ரெண்டு படி குளிர்ந்தது. அதாவது எட்டு.”

“எட்டு,” என்றான் பள்ளிப் பிள்ளை மாதிரி.

“அப்புறம் இந்த முனை இடைவெளி. அத புள்ளி ஏழு மில்லிமீட்டருக்குக் குறைக்கணும். இல்லாட்டி டர்போ காத்து தீப்பொறியவே ஊதி அணைச்சிரும்.”

“பொறந்தநாள் கேக் மாதிரி...”

“ஆமா. ஆனா யாரும் கை தட்ட மாட்டாங்க.”

அவன் சிரித்தான். இடது பக்கம் ஒரு பல் மட்டும் வரிசையை விட்டு வெளியே வந்து நின்றது. சிரிப்பில் அது முதலில் தெரிந்தது. மற்றவை பின்னால் வந்தன. வாணி அந்தச் சிரிப்போடுதான் அலமாரிப் பக்கம் திரும்பினாள். எட்டு என்று போட்டிருந்த நாலு பெட்டிகளை எடுத்தாள். பிரித்தாள். தகட்டு அளவியை முனையில் நுழைத்து, நாலையும் புள்ளி ஏழுக்கு மிகச் சரியாக வைத்துக் கொடுத்தாள்.

“நாளைக்கு நாலு மணிக்கு டைனோ,” என்றான் கிளம்பும்போது. “கமுண்டிங்ல பாங் ரோஸ்லி பட்டறை. காடிய உருளை மேல ஏத்திக் கட்டி, முழுசா முறுக்கிப் பாக்கப் போறோம். வரீங்களா, தங்கச்சி?”

“கடை இருக்கு, அண்ணே.”

“ஓ... சரி.”

வாசல்வரை போனவன் திரும்பினான். “என் பேரு குணாளன்.”

“நான் கேக்கலையே.”

“தெரியும். சும்மா சொன்னேன் லா.”

அந்த ‘அண்ணே’, ‘தங்கச்சி’ இரண்டும் கவுண்டரின் இரு பக்கமும் சாதாரணமாகப் புழங்குகிற சொற்கள்தான். அன்று ஏனோ செருப்புக்குள் போன மணல் மாதிரி உறுத்தின.

மறுநாள் சனிக்கிழமை. மூன்றரை மணிக்கு ஜப்பான் பிளக் பார்சல் வந்தது. வாணி பெட்டிகளை அடுக்கப் போனாள். எட்டாம் நம்பர் இடத்தில் இரண்டு பெட்டி அப்படியே இருந்தது. வியாழக்கிழமையும் இரண்டுதான் இருந்தது. அதனால்தானே இந்த ஆர்டரே போட்டாள்?

அப்படியானால் நேற்று நாலு எங்கிருந்து எடுத்தாள்?

பக்கத்து வரிசையில், மஞ்சள் பெட்டிகள் இருந்த இடத்தில், நாலு பெட்டி அளவுக்குக் காலியாக இருந்தது.

மஞ்சள் பெட்டி ஐரோப்பியக் கம்பெனி. பிளக் அதே மரை, அதே நீளம். அந்த எஞ்சின் தலையிலும் அழகாகப் பொருந்தும். ஆனால் அவர்கள் கணக்கு நேர்மாறு. ஜப்பான்காரனுக்கு நம்பர் ஏறினால் குளிர்ச்சி. இவர்களுக்கு நம்பர் ஏறினால் சூடு. குணாளன் கொண்டுபோன எட்டு, அவன் கழற்றிய ஆறைவிட அதிகச் சூடு. கவுண்டருக்கு வருகிற எத்தனையோ பேருக்கு இந்தக் கணக்கை அவளே வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறாள்.

பாங் ரோஸ்லி பட்டறைக்கு போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. டைனோ ஓடுகிற சத்தத்தில் அங்கே யாருக்குக் கேட்கும்... இரண்டாவது முறையும் யாரும் எடுக்கவில்லை.

“என்னா மூஞ்சி இப்பிடி இருக்கு?” என்றான் அண்ணன் பரமேஸ். சொன்னாள். அவன் மெல்ல கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“விடு.”

“என்னண்ணே, விடுன்னு சொல்றீங்க?”

“டர்போ எஞ்சின் வெடிக்கறது என்னா புதுசா? பெட்ரோல் சரியில்லம்பான், டியூனிங் சரியில்லம்பான். பிளக்க யாரு பாக்கப் போறா? நீ போய் ஒத்துக்கிட்டு நின்னன்னா, பொம்பள கவுண்டர்ல நின்னா இப்பிடித்தான்னு ஊரே சொல்லும். அன்னிக்கு நீதானே சொன்ன... ஒரு தப்பு நடந்தாலும் நானே இறங்கிக்கறேன்னு.”

சொன்னது உண்மைதான். கவுண்டரைக் கெஞ்சி வாங்கிய நாளில் சொன்னாள். அண்ணன் கெட்டவன் இல்லை. அவன் சொன்னதில் இன்னொன்றும் உண்மை: யாருக்கும் தெரியவே போவதில்லை. பேசாமல் பெட்டிகளை அடுக்கிவிட்டுத் தேத்தண்ணி குடித்தால் முடிந்தது.

போயிடுமா என்று கேட்ட குரல் காதுக்குள்ளேயே நின்றது. நான் பாத்துக்கறேன் என்ற தன் குரல் அதைவிடச் சத்தமாகக் கேட்டது.

வாணி ஜப்பான் பெட்டிகளைக் கிழித்தாள். நாலு பிளக். நாலையும் புள்ளி ஏழுக்கு வைத்தாள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளந்தாள். கடை மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தாள்.

“மழை வரும்!” என்று கத்தினான் பரமேஸ்.

வந்தது. ஊர் எல்லைப் பாலத்தைத் தாண்டுவதற்குள் முழுதும் நனைந்தாள். கடைப் பேருக்காகத்தான் போகிறேன் என்று வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மூன்றாவது கிலோமீட்டரில் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். ஹெல்மெட் கண்ணாடி வழியாக முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. அவள் நினைப்பெல்லாம் வரிசை தப்பிய ஒரு பல்லில் இருந்தது. இந்த வயசில், இந்த வேகத்தில் இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று ஒரு வாணி கேட்டாள். இன்னும் கொஞ்சம் முறுக்கு என்றாள் இன்னொரு வாணி.

பட்டறையில், தகரக் கூரைக்குக் கீழே கார் உருளைமேல் கட்டப்பட்டு நின்றது. முன்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது, உள்ளே ரோஸ்லி; மலாயில் அண்ணன் என்று பொருள்படும் ‘பாங்’ என்றுதான் அவரை எல்லாரும் கூப்பிடுவார்கள். குணாளன் பக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். சுற்றி ஏழெட்டு மெக்கானிக்குகள். நேற்று சிரித்த இரண்டு பேரும் இருந்தார்கள்.

“நிறுத்துங்க!” என்றாள். அவளுக்கே கேட்கவில்லை. எஞ்சின் அலறிக்கொண்டே ஏறியது.

வாணி மூச்சை இழுத்து, அடிவயிற்றில் இருந்து கத்தினாள். அதே நொடியில் ரோஸ்லி காலை எடுத்தார். சட்டென்று பட்டறை அமைதியானது. அந்த அமைதிக்குள் அவள் குரல் மட்டும் முழுசாக விழுந்தது.

“நான் தப்பான பிளக் குடுத்துட்டேன்!”

ஏழெட்டுத் தலைகளும் திரும்பின. அவள் தாவாயில் இருந்து தண்ணீர் சொட்டியது.

“எட்டுதான்... ஆனா மஞ்சப் பெட்டி எட்டு. அது சூடு. முழு பூஸ்ட்ல ஓட்டாதீங்க, பாங்.”

ரோஸ்லி இறங்கினார். “இப்ப பாதிதான் முறுக்கினேன். அடுத்தது முழுசு.” அவர் முகம் மாறியிருந்தது.

நேற்று சிரித்தவர்களில் ஒருவன் ஆரம்பித்தான். “என்னா வாணி, நீயுமா? ஊருக்கே பாடம் சொல்லுவ...”

“அது அவங்க தப்பு இல்ல,” என்றான் குணாளன் இடையில் புகுந்து. “நான்தான் கேட்டேன். மஞ்சப் பெட்டிதான் வேணும்னு அடம் பிடிச்சேன். அவங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க.”

வாணி அவனைப் பார்த்தாள். இவ்வளவு சுத்தமான பொய்யை இவ்வளவு பேர் முன்னால் அவளுக்காக இதுவரை யாரும் சொன்னதில்லை. அப்படியே விட்டுவிடலாம். கவுண்டர் அவளுக்கு நிலைக்கும், மானமும் போகாது. ஒரு நொடி... உண்மையாகவே ஒரு நொடி, விட்டுவிடத்தான் ஆசைப்பட்டாள்.

“இல்ல,” என்றாள். “அவரு ஒண்ணும் கேக்கல. அளவு சொன்னது நான், எடுத்தது நான், தப்பு என்னோடது.”

எஞ்சின் ஆறுவதற்கு அரை மணி நேரம் விட வேண்டும். சூட்டோடு பிளக்கைத் திருகினால் மரை போய்விடும். மெக்கானிக்குகள் சிகரெட்டுக்குக் கலைந்தார்கள். குணாளன் ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டினான். பாதி கிரீஸ், பாதி சுத்தம். சுத்தமான பக்கம் அவளைப் பார்த்திருந்தது.

“எதுக்குப் பொய் சொன்னீங்க?”

“நீங்க எப்ப சறுக்குவீங்கன்னு பாத்துக்கிட்டிருக்கற ஆளுங்க இங்க நெறைய. நேத்தே தெரிஞ்சுது.” கொஞ்சம் நிறுத்தினான். “நானும் உங்களத் தாண்டி எட்டிப் பாத்தவன்தானே... அதுக்கு ஒரு பொய்யாவது சொல்லலாம்னு பாத்தேன்.”

“கோபம் வரலையா? மூணு வருஷ ஓவர்டைம்...”

“வந்துச்சு. நீங்க உள்ள வந்தப்ப பாதி போயிடுச்சு. மீதி, குடை இல்லாம வந்திருக்கீங்கன்னு பாத்தப்ப போயிடுச்சு.” அவன் மழையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். “ஒண்ணு மட்டும் புரியல. மூணு வருஷமா தப்பே பண்ணாத ஆளுன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. நேத்து மட்டும் எப்பிடி?”

வாணி துண்டை மிகவும் கவனமாக மடித்தாள். மடிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

ரோஸ்லி பிளக்கைக் கழற்றினார். பீங்கான் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. முனை உருக ஆரம்பித்து ஓரம் மழுங்கியிருந்தது. “இன்னும் ஒரே ஒரு ஓட்டு... பிஸ்டன் ஓட்டையில விரல் விட்டுப் பாத்திருக்கலாம்,” என்றார். யாரும் சிரிக்கவில்லை. நேற்று சிரித்தவன் அந்தப் பிளக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, வாணியைப் பார்த்தான். பிறகு திருப்பிக் கொடுத்தான்.

புதிய நாலும் உள்ளே போயின. எஞ்சின் பிடித்தது. இந்த முறை முழுசாக... டர்போவின் சீழ்க்கை ஏறி, ஏறி, ஒரு பிசிறும் இல்லாமல் உச்சிக்குப் போய் இறங்கியது. குணாளன் காதைப் பொத்தவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றான். வாணி எஞ்சினைப் பார்க்கவில்லை.

மறுபடி ஆற விட்டு, மறுபடி கழற்றினார்கள். பீங்கானில் பால் கூடின தேத்தண்ணி நிறம், நன்றாக இருக்கிற எஞ்சினின் நிறம். நாலும் ஒரே நிறம்.

“இனிமே பிளக்குன்னா வாணிதான்,” என்றார் ரோஸ்லி பொதுவாக. “தப்பு பண்ணா மழையில வந்து சொல்ற கடை வேற எங்க இருக்கு?”

அதற்குள் செய்தி தைப்பிங்குக்குப் போயிருந்தது. அண்ணனிடம் இருந்து போனில் ஒரு வரி: திங்கக்கிழமைலேர்ந்து நீ ஸ்டோர்ல. வாணி படித்துவிட்டு போனைப் பைக்குள் போட்டாள். வலித்தது, வலிக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் திங்கள் காலை பத்து மணிக்குள் யாராவது பிளக் கேட்டு வருவான். அண்ணன் தலையைச் சொறிவான். பிறகு “வாணி!” என்று கத்துவான். அதுவும் அவளுக்குத் தெரியும்.

மஞ்சள் பெட்டிப் பிளக் நாலையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

“அது என்னோடது,” என்றான் குணாளன். “வித்த சாமான் திரும்ப எடுக்க மாட்டோம்னு உங்க கடையில போர்டே மாட்டியிருக்கு.”

“தப்பா குடுத்தத எடுத்துக்குவோம்.”

“ஓ...”

மழை விட்டிருந்தது. கூரையில் இருந்து மட்டும் இன்னும் சொட்டியது. வாணி மோட்டார் சைக்கிள் வரைக்கும் நடந்தாள். சாவியைப் போட்டாள். திருகவில்லை.

“இன்னொண்ணும் தப்பா குடுத்துட்டேன்,” என்றாள், சாவியைப் பார்த்துக்கொண்டே.

“இன்னொண்ணா? என்னா அது?”

“நேத்து உங்கள... அண்ணேன்னு கூப்பிட்டேன். ஒண்ணுக்கு ரெண்டு தடவ.” காது மடல் கொதித்தது. இருந்தாலும் தலையைத் தூக்கி அவன் கண்களை நேராகப் பார்த்தாள். “அதையும் திரும்ப எடுத்துக்கறேன். உங்க சிரிப்பப் பாத்துட்டுத்தான் அலமாரிப் பக்கம் திரும்பினேன், குணா. அதனாலதான் நேத்து மட்டும்.”

அவன் முகத்தில் அந்த வரிசை தப்பிய பல் முதலில் வெளியே வந்தது.

“அந்த ரெண்டு ‘அண்ணே’யையும் வாங்கிட்டுப் போனேன்,” என்றான். “ராத்திரி பூரா மாட்டிப் பாத்தேன், வாணி. பொருந்தவே இல்ல.”